மஞ்சள் கோட்டில் யார் நிற்பது

1

இங்கே சிட்னியில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால், வருடா வருடம் டாக்டரிடம் போய், நான் இன்னும் கார் ஓட்டத் தகுதியான ஆள்தான் என்று காட்டிவிட்டு வர வேண்டும். தனியே இருக்கும் வயோதிபர்களைக் கவனிப்பது என் வேலை. அதனால் அந்த டாக்டர் அறைகளில் ஓரக் கதிரையில் உட்கார்ந்து எனக்குப் பழகிவிட்டது. சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்வார்கள். எழுந்து நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். பிறகு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, மணிக்கூடு ஒன்று வரைந்து பதினொன்று பத்து காட்டுங்கள் என்பார்கள்.

போன வாரம் தம்பிராசா மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர், வாய் மட்டும் வாலிபம்.

“எனக்கு மணிக்கூடு கீறத் தெரியுமோ எண்டு பாக்கிறான், பிள்ளை. இவன்ர தகப்பன் பிறக்க முதலே நான் மணிக்கூடு கட்டினவன்” என்று டாக்டரின் முகத்துக்கு நேரே தமிழில் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து இனிக்கச் சிரித்தார். மணிக்கூடு சரியாகத்தான் வந்தது. கழுத்துதான் திரும்பவில்லை. இனிப் பகலில் மட்டும், வீட்டைச் சுற்றியுள்ள இடங்களுக்கு மட்டும் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

“கயித்தில கட்டின ஆட்டுக்குட்டி ஆக்கிப்போட்டான்” என்றார் மாமா, காரில் ஏறியதும்.

மாமா இப்படிச் சொல்பவற்றை நான் மனதில் சேர்த்து வைத்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டியில் என் அக்காவைக் கார் அடித்து அன்றோடு மூன்று வருடம்.

“கட்டத்தான் வேணும் மாமா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

2

நாங்கள் இரண்டு பேரும் கண்டிக்குக் கிட்ட, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். கல்யாணம் முடிந்து நான் விமானம் ஏறினேன், அக்கா குண்டசாலை பஸ் ஏறினாள். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஒரு மொண்டிசோரியில் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பெயர் பார்வதி.

ஒரு நாள் காலையில், கையில் வல்லாரைக் கட்டோடு, நடப்பவர்கள் வீதியைக் கடக்கிற மஞ்சள் கோட்டில் பாதித் தூரம் வந்துவிட்டாள். ஒரு பக்கம் பஸ்கூட நின்று வழிவிட்டது. மறுபக்கம் வந்த வெள்ளைக் கார் வேகத்தைக் குறைத்தது. ஏறக்குறைய நின்றேவிட்டது. சரி, நிற்கிறார்கள் என்று அக்கா காலை எடுத்து வைத்தாள். நின்ற கார் மறுபடி எடுபட்டு, அவளைத் தள்ளி, காலில் ஏறியது.

ஓட்டியவர் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். குண்டசாலையில் எல்லாரும் மனேஜர் ஐயா என்றே கூப்பிடுவார்கள். எண்பதை நெருங்கியவர். பக்கத்தில் மனைவி கமலா. மனேஜர் ஐயா பொய் சொல்வாரா? அந்தப் பொம்பிளை குறுக்கே பாய்ந்தாள் என்று பொலிஸில் சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள். வலியோடு கிடந்த அக்காவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பிறகு அதை யாரோ தமிழில் சொன்னபோது அக்கா கேட்டாளாம்: “நான் என்ன மானா, பாயிறதுக்கு?”

ஆஸ்பத்திரிக்கு மனேஜர் வீட்டிலிருந்து ஒரு டின் மால்ட் வந்தது. ஆள் வரவில்லை.

அக்காவின் காலில் இப்போது இரும்பு இருக்கிறது. மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். அவள் மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள். நான் மறக்கவில்லை. ஒரு ஆளை வெறுப்பது சமையல் மாதிரி. ஒரு தரம் செய்துவிட்டால் முடிந்துபோகாது, தினமும் அடுப்பு மூட்ட வேண்டும். நான் மூட்டினேன். நின்ற கார் ஏன் எடுபட்டது என்ற ஒரே கேள்வியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

“லெட் இட் கோ, அம்மா” என்பாள் என் மகள். அவளுக்குப் பெரியம்மா என்றால் போன் திரையில் வருகிற ஒரு முகம். “ஹாய் பெரியம்மா, சுகமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போனை என் கையில் தந்துவிடுவாள். அவளைக் குறை சொல்லி என்ன? காலில் இரும்பு ஏறுவதற்கு முன்னால் அக்கா எப்படி நடப்பாள் என்று அவள் பார்த்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் ஒரு பகிடி சொன்னாள்.

“கால் காட்டப் போற எடத்துக்கு அந்த மனேஜரும் வாறாரு தங்கச்சி. நேரா என்கிட்ட வந்து, ‘என்ன டீச்சர், சுகமோ’ன்னு கேக்குறாரு. பக்கத்து வீட்டு டீச்சர்னு நெனச்சிட்டாரு. அடிச்ச ஆளுக்கே என்னைய அடையாளம் தெரியல.”

அவள் சிரித்தாள். ஒரு கை தூரத்தில் நிற்கும் முகத்தையே அந்த மனிதருக்கு அடையாளம் தெரியவில்லை.

“இன்னும் ஓட்டுறாரா?”

“பின்ன? அதே வெள்ளக் காருதான்.”

போனை வைத்ததும் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

3

நல்ல எண்ணத்தோடு ஊருக்குப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் சொக்லேட்டும் வைட்டமின் போத்தலும் இருந்தன. மனதுக்குள் மனேஜரின் கார்ச் சாவி மட்டும்தான் இருந்தது.

கண்டியில் இறங்கிய முதல் நாளே ஒரு அடி விழுந்தது. த்ரீவீல்காரரிடம் நான் தமிழில் பேசுகிறேன், அவர் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்.

“தம்பி, நானும் கலஹாதான்.”

“இருக்கலாம் மேடம். ஆனா ஏறுறதுக்கு முந்தி ஸொரி சொன்னீங்களே. எங்க ஊர்ல யாரு த்ரீவீல்கிட்ட ஸொரி சொல்றா?”

அடுத்த நாள் லைசென்ஸ் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். இங்கே சிட்னியில், இன்ன ஆளுக்குக் கண் தெரியவில்லை, பாருங்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். அங்கே ஒரு ஜன்னல் அடுத்த ஜன்னலைக் காட்டியது, அது மேல் மாடியைக் காட்டியது. மேல் மாடியில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். துருப்பிடித்த என் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

“அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“தேதி முடியவில்லையே?”

“இல்லை. முடிய இன்னும் காலம் இருக்கிறது.”

“பிறகென்ன நோனா? லைசென்ஸுக்குக் கண் தெரிகிறதே.”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் அப்படி வந்துவிட்டது. ஆனால் அதைவிடச் சரியாக அந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது. எடுத்த நாளில் பார்த்த கண் அந்த அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆளின் கண்தான் வருடத்துக்கு வருடம் தேய்கிறது. நடுவில் யாரும் கேட்பதில்லை.

4

மிச்சம் இருந்தது டாக்டர்தான். மனேஜர் மாதா மாதம் பிரஷர் மருந்துக்குப் போகிற டாக்டர் யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவளுடைய எலும்பு டாக்டர் இருக்கும் அதே இடம். நான் என் பெயரில் சேனல் பண்ணிப் பதிவு செய்து, நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து உள்ளே போனேன்.

டாக்டர் நஸீஹா அக்குறணைக்காரர், ‘சொல்ல முடியாது’ என்பதைச் ‘செல்ல ஏலா’ என்கிற ஊர். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார்.

“என்ன செய்யுது?”

“எனக்கு ஒண்ணும் செய்யல டாக்டர். நான் ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும்.”

பேரைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். “ஒரு பேஷன்டைப் பத்தி வேற ஆளோட கதைக்க எனக்கு ஏலா. அவர் என்ட பேஷன்டா இல்லையாண்டு கூடச் செல்ல ஏலா. ஆனா நீங்க செல்றதக் கேக்க ஏலும். செல்லுங்க.”

சொன்னேன். மஞ்சள் கோடு, நின்று எடுபட்ட கார், மால்ட் டின், டீச்சர், எல்லாம். சிட்னி டாக்டர்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்பதையும் சொன்னேன். வெளியே நம்பர்கள் காத்திருந்தன. அவர் அவசரப்படுத்தவில்லை.

“லைசென்ஸப் பறிக்க எனக்கு அதிகாரம் இல்ல” என்றார். “ஆனா வயசான ஆக்கள் வந்தா, கார் ஓடுறீங்களா, ராவுல வெளிச்சம் கூசுதா, கழுத்துத் திரும்புதாண்டு கேக்கலாந்தானே. யாரு வேணாண்டு சென்ன? நாங்கதான் பிரஷரப் பாத்துட்டு, அடுத்த நம்பரக் கூப்புட்ர.”

பிறகு என்னைப் பார்த்தார். “ஒண்டு கேக்கவா? உங்களுக்கு அவர் ரோட்டுல இல்லாம ஈக்கணுமா? இல்லாட்டி அவர் அழணுமா?”

“ரெண்டும்” என்றேன்.

“முதலாவதுதான் என்ட வேல” என்றார் டாக்டர் நஸீஹா. மருந்து எழுதாத சீட்டோடு என்னை அனுப்பிவைத்தார்.

5

சிட்னியில் கண் பார்க்கும்போது கதவைச் சாத்துவார்கள். கண்டியில் அது முடியாத காரியம். டாக்டரின் அறை மிகச் சிறியது, கதவைத் திறந்தால் நோயாளியின் முழங்காலில் இடிக்கும். கண் பார்க்க வேண்டிய தூரம் உள்ளே கிடையாது. அதனால் எழுத்துப் பலகை வெளியே கொரிடோர் முடிவில், தண்ணீர் பில்டருக்கு மேலே தொங்குகிறது. இரண்டு பக்கமும் வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்த ஜனம். ஒருவருக்குக் கண் சோதனை என்றால் எல்லாருக்கும் வேடிக்கை.

அக்காவின் கிளினிக் நாளும் மனேஜர் மருந்துக்கு வருகிற நாளும் ஒன்றாக வந்த ஒரு மாலையில், நானும் அவளும் அந்த வாங்கில் இருந்தோம். மனேஜர் வந்தார். தோய்த்து மடித்த வெள்ளைச் சேர்ட், பையில் பேனா. இடது முழங்கையைக் கமலா அம்மா பிடித்திருந்தார்.

“என்ன டீச்சர், சுகமோ?” என்றார் அக்காவிடம்.

“சுகந்தான் ஐயா” என்றாள் அக்கா. கமலா அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் அவரை நடத்திக்கொண்டு போனார்.

உள்ளே போய் வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டரும் வெளியே வந்தார்.

“ஐயா, கார் ஓடுறீங்கதானே? இண்டைக்கிக் கண்ணையும் பாத்துருவம்.”

“தாராளமாப் பாருங்கோ டொக்டர். நாப்பது வருஷமா ஓடுறன். ஒரு கீறல் இல்லை.”

ஒரு கீறல் இல்லை. அக்கா தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தைத் திருப்பச் சொன்னார் டாக்டர். வலது பக்கம் பாதி வந்தது, இடது பக்கம் அதுவுமில்லை. பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையை வாசிக்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய எழுத்தை மனேஜர் சத்தமாக வாசித்தார். அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

அப்போதுதான் கண்டிக்காரர்களின் இரக்கம் ஆரம்பித்தது. கிழவர் தடுமாறுகிறார் என்றதும் வாங்கிலிருந்து ஒரு பெண் மெதுவாக “எஃப்” என்றாள். “எஃப்” என்றார் மனேஜர். எதிர் வாங்கிலிருந்து ஒருவர் “பி” என்றார். “பி.” நர்ஸ் மிஸ்ஸி “உஷ்” என்று பார்த்தபடியே இருக்க, ஆளுக்கு ஒரு எழுத்தாக எடுத்துக் கொடுத்தார்கள். சந்தியில் வண்டி தள்ளுகிற மாதிரி மொத்தக் கொரிடோரும் சேர்ந்து அவரைத் தள்ளியது. அவரும் நிமிர்ந்து நின்று, கொடுத்ததையெல்லாம் வாசித்தார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பரீட்சையில் ஒரு வயதான மனிதரைத் தோற்கவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “டி.”

அக்கா.

“என்னாக்கா செய்ற?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“பாவம், நிக்கிறாரே” என்றாள்.

அவ்வளவு கோபம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. அடித்தவருக்கு அடிபட்டவளே எழுத்து எடுத்துக் கொடுக்கிறாள். இந்த ஜனம் இப்படியே எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து, அந்த வெள்ளைக் கார் நாளைக்கு இன்னொருத்தியின் காலில் ஏறும். மனேஜர் அடுத்த எழுத்துக்காகக் காதைக் கொடுத்தபடி நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

“செவன்” என்றேன்.

“செவன்” என்றார் மனேஜர், வங்கிக் குரலில்.

கொரிடோர் அடங்கிப் போனது. பிறகு யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் பலகையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அங்க நம்பரே இல்லையே ஐயா” என்றார் மெதுவாக.

மனேஜரின் முகம் சுருங்கிப்போனது. கண்ணிலிருந்து கையை எடுத்தார். மனைவி நிற்கிற திசையைத் தேடித் திரும்பினார். “கமலா, நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்ல?”

பொய் சொல்ல மாட்டேன். இனித்தது. சிட்னியிலிருந்து நான் சுமந்து வந்த பசிக்கு அந்த ஒரு நிமிடம் விருந்து மாதிரி இருந்தது.

“ரோட்டுலயும் நீங்களா செல்லிக் குடுக்கிற?” என்று டாக்டர் கேட்டார்.

கமலா அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ஓம் டொக்டர். பக்கத்தில இருந்து சொல்லுவன். நிப்பாட்டுங்கோ, எடுங்கோ எண்டு. அவருக்கு ஓடத் தெரியும் டொக்டர். பாக்கிறதுதான்…”

பஸ்ஸுக்கு வாசலில் நின்று “ரைட், போகலாம்” சொல்கிற ஆள் இருக்கிறார். இவர்கள் வீட்டுக் காருக்கும் அப்படி ஒரு ஆள். அந்த நொடியில், நான் இத்தனை நாள் கிளறிய கேள்விக்கு எங்கே பதில் இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்றேன்.

“அன்னைக்கு மஞ்சக் கோட்டுல கார் நின்னுச்சே. அப்ப என்னா சொன்னீங்க?”

டாக்டர் கையை உயர்த்தி என்னை அமர்த்தப் பார்த்தார். அதற்குள் கமலா அம்மா என்னைப் பார்த்து, பிறகு அக்காவைப் பார்த்தார். கைத்தடி, கால், மறுபடி முகம். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். இவ்வளவு நாளும் தெரிந்தேதான் திரும்பாமல் நடந்திருக்கிறார்.

“எடுங்கோ எண்டு சொன்னனான்” என்றார். “அவ நிப்பா எண்டு நினைச்சன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஏன் நிற்பாள் என்று நினைத்தீர்கள் என்று யாரும் கேட்கவுமில்லை. வல்லாரைக் கட்டோடு நடக்கிறவள் காருக்கு நிற்பாள். அது வாங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். காலங்காலமாக நின்றவர்கள்தானே அவர்களில் பாதிப் பேர்.



6

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் நஸீஹா கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்து, அதுவரைக்கும் சாவியைத் தொடக் கூடாது என்று சொன்னார். ஒரு கண்ணில் வெள்ளை வளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். மற்றக் கண் நரம்பிலேயே போய்விட்டதாம், திரும்பாது. கார் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். டாக்டர் இப்போது வயதான எல்லாரிடமும் கார் ஓடுகிறீர்களா என்று கேட்கிறாராம். பலகைக்குக் கீழே “எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்” என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

நான் சொல்ல வந்தது அன்று மாலை நடந்தது.

கமலா அம்மா கணவரின் சேர்ட் பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். கார் அங்கேயே நின்றது. வானம் கறுத்துவிட்டதால் த்ரீவீல் ஒன்றும் கிடைக்கவில்லை. குண்டசாலை பஸ் பிடிக்க வேண்டுமென்றால் வீதியைக் கடந்தாக வேண்டும். நானும் அக்காவும் வாசலுக்கு வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

யாரும் நிற்கவில்லை. வேன், பஸ், மறுபடி வேன். ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. கமலா அம்மா மனேஜரின் முழங்கையைப் பிடித்து ஒரு அடி எடுத்து வைத்தார். அந்தக் கார் எடுபட்டுப் போய்விட்டது. இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். மனேஜருக்கு எங்கே நிற்கிறோம் என்பதே சரியாகத் தெரியவில்லை, கையைக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவவில்லை. இன்னும் ஒரு கார் அப்படிப் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

அக்கா என்னைத் தாண்டிப் போனாள். கைத்தடியை நேரே வீதிக்குள் ஊன்றி, மற்றக் கையை உயர்த்தினாள். ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது. அதற்குப் பின்னால் எல்லாம் நின்றது.

“வாங்க” என்றாள், அவர்கள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் முன்னால், அவர்கள் பின்னால். நடந்தாள். அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. தடியை ஊன்றுவது, நிற்பது, காலை எடுப்பது, நிற்பது. நடு வீதிக்கு வந்ததும் முழுதாக நின்றுவிட்டாள். கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினாள். சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். இரண்டு பக்கமும் ஹோர்ன் காதைக் கிழித்தது. பஸ் ட்ரைவர் தலையை வெளியே நீட்டி, சீக்கிரம் போ என்று சிங்களத்தில் கத்தினார். அக்காவுக்கு அது கேட்கவில்லை போல.

“என்ன நடக்குது, கமலா? போகலாமோ? எடுப்பமோ?” என்று கேட்டார் மனேஜர்.

“பொறுங்கோ” என்றார் கமலா அம்மா. “அவ நிக்கிறா.”

அந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததும் அவர்கள் இருவரும் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கமலா அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாக்கா அவ்வளவு மெதுவா?” என்று அவள் காதருகில் கேட்டேன்.

“கால் நோவுது” என்றாள்.

குண்டசாலை பஸ் வந்தது. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் ஓரத்துச் சீட்டைப் பிடித்துவிட்டாள்.